கைரேகை யாரென்று சொல்லும், எப்போதென்று சொல்லுமா?

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம், ஒரு காவல் நிலைய வாசலில் நாங்கள் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தோம். உள்ளே இருந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது. நாங்கள் மாலை வகுப்பு நடத்தும் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன், பெயின்ட் வேலைக்குப் போகிறவன். ஒரு வீட்டில் பீரோவைத் திறந்து யாரோ நகையை எடுத்துப் போய்விட்டார்கள். பீரோவின் பக்கவாட்டில் கிடைத்த விரல் தடம் இவனுடையதோடு ஒத்துப்போகிறது என்றார்கள். இவன் ரேகை உங்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டோம். முன்பு ஊருக்குள் நடந்த ஒரு தகராறில் குடியிருப்புப் பையன்களை மொத்தமாகப் பிடித்துப் போனபோது எடுத்து வைத்தது என்று பதில் வந்தது.

அந்த வீட்டுக்கு அவன் போயிருந்தது உண்மைதான். திருட்டு நடப்பதற்கு மூன்று வாரம் முன்னால், மேஸ்திரியோடு பெயின்ட் அடிக்கப் போனான். சுவருக்குப் பட்டி பார்ப்பதற்காக பீரோவை நகர்த்தியவர்களில் அவனும் ஒருவன். இதை எடுத்துச் சொன்னோம். அதிகாரி கோபப்படவில்லை, பொறுமையாகவே பேசினார். "மனுசன் பொய் சொல்லுவான் சார். ரேகை பொய் சொல்லாது" என்றார்.

வெளியே வந்தோம். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த அவனுடைய அம்மாவிடம் விவரத்தைச் சொன்னோம். அவர் அழவில்லை. "வேலைக்குப் போன வீட்ல கை படாம எப்படி சார் வேலை பாக்குறது?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்தோம். ஒரு விரல் தடம் எப்போது பதிந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா? பதிந்த பிறகு அதற்கு என்ன ஆகிறது? உலகம் முழுக்க வேதியியலாளர்கள் இதற்கு விடை தேடியிருக்கிறார்கள். நீதிமன்றங்கள் இதில் தடுமாறியிருக்கின்றன. தேடலின் முடிவில் அந்த அம்மா கேட்ட இடத்துக்கே வந்து நின்றோம். வழக்கு, காவல் நிலையம் என்று அலைய வேண்டியிருக்கும் தோழர்களுக்கும் சட்டம் படிக்கிற தம்பி தங்கைகளுக்கும் இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறோம்.

விரல் மாறாது, தடம் மாறும்

கைரேகை நிர்வாகத்தின் கருவியாகத் தொடங்கிய இடம் வங்காளம். 1858 ஜூலையில், முர்ஷிதாபாத் மாவட்ட ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி சாலை போடுவதற்கான சரளை ஒப்பந்தம் ஒன்றில் ராஜ்யதர் கோனாய் என்ற உள்ளூர்க்காரரின் உள்ளங்கையை மையில் ஒற்றிப் பதித்துக்கொண்டார். பெருங்கிளர்ச்சி நடந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. கையெழுத்து என்னுடையதல்ல என்று கோனாய் பிற்பாடு மறுத்துவிடக் கூடாது, அதற்காக அவரைக் கொஞ்சம் மிரட்டி வைப்பதே நோக்கம் என்று ஹெர்ஷலே பின்னாளில் எழுதினார். கைரேகை அறிவியலின் முதல் பக்கத்திலேயே ஆள்பவன் ஆளப்படுகிறவனை நம்பாத கதை இருக்கிறது.

ஹெர்ஷல் இதைவிடப் பெரிய காரியம் ஒன்றும் செய்தார். தன்னுடைய விரல்களைப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பப் பதிந்து வைத்தார். 1859இல் எடுத்த பதிவையும் 1916இல், கிழவரான பிறகு எடுத்த பதிவையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் கோடுகள் அப்படியே இருக்கின்றன. தோல் சுருங்கலாம், வெட்டு விழலாம், ரேகையின் அமைப்பு மாறாது. கைரேகைக்கு இன்று நீதிமன்றத்தில் இருக்கும் மரியாதைக்கு இந்த நிலைத்தன்மைதான் அடித்தளம்.

ஆனால் நிலைத்திருப்பது விரல். அந்த விரல் பீரோவில் விட்டுச்செல்லும் தடம் வேறு பொருள். அது வியர்வையும் எண்ணெயும் கலந்த மெல்லிய படலம். பதிந்த நிமிடத்திலிருந்தே மாறத் தொடங்கிவிடும். ரேகை மாறாதது என்பதால் தடத்தைப் பற்றிச் சொல்லப்படும் எல்லாமே உறுதியானது என்று நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கைதான் காவல் நிலையத்தில் எங்களுக்குப் பதிலாகச் சொல்லப்பட்டது.

முதல் சாட்சியம் விடுவித்தது

தானாகப் பதியும் தடத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்று 1880 அக்டோபரில் நேச்சர் இதழில் எழுதியவர் ஹென்றி ஃபால்ட்ஸ். ஸ்காட்லாந்துக்காரர், டோக்கியோவில் மருத்துவராக இருந்தவர். அந்தக் கடிதத்தில் இரண்டு சம்பவங்களைச் சொல்கிறார். ஒன்றில், ஆய்வகச் சாராயத்தைத் திருட்டுத்தனமாகக் குடித்தவரை எண்ணெய்ப் பிசுக்குள்ள விரல் தடம் காட்டிக்கொடுத்தது. இன்னொன்றில், வெள்ளைச் சுவரில் ஏறியவரின் கரி படிந்த தடம், சந்தேகத்துக்கு ஆளான ஒருவர் குற்றமற்றவர் என்று காட்ட உதவியது. ஆளைச் சிக்கவைக்க எவ்வளவு உதவுமோ அவ்வளவு விடுவிக்கவும் உதவும் கருவியாகத்தான் அவர் இதை அறிமுகப்படுத்தினார்.

இந்தியாவில் 1897இல் கல்கத்தாவில் கைரேகைக்கென்று ஒரு கூடம் தொடங்கினார்கள். லட்சக்கணக்கான பதிவுகளுக்கு இடையே ஒன்றைத் தேடி எடுக்கும் வகைப்பாட்டு முறையை உருவாக்கியதில் அஜிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய ஊழியர்களின் உழைப்பு பெரிது. உலகம் அதை மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரால் 'ஹென்றி முறை' என்றே அழைக்கிறது.

அடுத்த ஆண்டே, ஜல்பைகுரி மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கொலை செய்யப்பட்டுக் கிடந்தார். அவருடைய பெட்டியிலிருந்த வங்காளப் பஞ்சாங்கத்தில் கறை படிந்த விரல் தடம் இருந்தது. அது காங்காலி சரண் என்பவருடையது என்று கல்கத்தா கூடம் சொன்னது. அவர் முன்பு அதே மேலாளரிடம் வேலை பார்த்து, திருட்டு வழக்கில் சிறைக்குப் போய் வந்தவர். நீதிமன்றம் அவரைத் திருட்டுக் குற்றத்துக்குத் தண்டித்தது. கொலைக் குற்றத்துக்குத் தண்டிக்க மறுத்துவிட்டது. அவர் அந்தப் பெட்டியைத் தொட்டார் என்பதற்குத் தடம் சாட்சி, கொன்றார் என்பதற்குச் சாட்சி இல்லை. தொட்டது வேறு, செய்தது வேறு என்ற வேறுபாடு அந்த முதல் வழக்கிலேயே நீதிமன்றத்துக்குத் தெரிந்திருந்தது. மறந்தது பிறகுதான்.

ரேகைச் சட்டம்

மறக்கவைத்ததில் குற்றப் பழங்குடிகள் சட்டத்துக்குப் பெரிய பங்குண்டு. 1871இல் வட இந்தியாவில் வந்த சட்டம், 1911இல் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. புதிய சட்டத்தில், அறிவிக்கப்பட்ட சமூகத்தவரின் கைரேகையைப் பதிவுசெய்ய அதிகாரம் தரப்பட்டது. அதனால்தான் நம் மக்கள் வாயில் இதன் பெயர் 'ரேகைச் சட்டம்'. பிரமலைக் கள்ளர், குறவர் என்று சமூகம் சமூகமாகப் பட்டியலில் ஏற்றினார்கள். தென்னார்க்காட்டின் வேப்பூர்ப் பறையர்களும் காலனியக் காவல்துறையின் 'குற்றச் சாதி' எழுத்துகளில் இடம்பெற்றார்கள்.

1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் ரேகை பதிய வந்த போலீசாரை மக்கள் எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். அன்று சுடப்பட்ட சமூகத்துக்கும் நமக்கும் இடையே இன்று எத்தனையோ கசப்புகள் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. அதனால் அன்று நடந்த அநீதி சிறியதாகிவிடாது. விரலை நீட்ட மறுத்ததற்காக உயிரை விட்ட மண் இது.

இந்தச் சட்டத்தின் தர்க்கத்தைக் கவனியுங்கள். குற்றம் நடந்த இடத்தில் தடம் எடுத்து, பிறகு ஆளைத் தேடுவது ஒரு வழி. இங்கே குற்றம் நடப்பதற்கு முன்பே ஆள் பதிவாகிவிட்டான். பிறப்பே குற்றத்துக்கு ஆதாரம் என்னும்போது 'எப்போது' என்ற கேள்விக்கு வேலையே இல்லை. சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31லும் ஒழிந்தது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் ஒழியவில்லை.

தடத்துக்குள் என்ன இருக்கிறது?

இப்போது வேதியியலுக்கு வருவோம். பயப்பட வேண்டாம், பத்தாம் வகுப்பு அறிவியல் போதும்.

நம் உள்ளங்கையிலும் விரல் நுனியிலும் வியர்வைச் சுரப்பிகள் மட்டுமே உண்டு, எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது. வியர்வையில் பெரும்பகுதி தண்ணீர். மீதியில் உப்பு, யூரியா, லாக்டிக் அமிலம், அமினோ அமிலங்கள். எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்றால், நாம் நாள் முழுக்கத் தொடும் முகத்திலிருந்தும் தலைமுடியிலிருந்தும். அந்த எண்ணெயில் கொழுப்பு அமிலங்கள், மெழுகு போன்ற எஸ்டர்கள், ட்ரைகிளிசரைடுகள், கொலஸ்ட்ரால், ஸ்குவாலீன் எல்லாம் இருக்கும். இவை போக, தொட்ட உணவு, பூசிய களிம்பு, படிந்த தூசி என்று அன்றைய வேலையின் மிச்சமும் தடத்தில் சேரும்.

இவற்றில் ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில் மாறுகிறது. முதலில் போவது தண்ணீர். அடுத்தது ஸ்குவாலீன். இதன் மூலக்கூறில் ஆறு இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜன் தாக்குவதற்கு வாகான இடங்கள் அவை. அதனால் சில நாட்களிலேயே அது கணிசமாகக் குறைந்து, வேறு சேர்மங்களாக உடைகிறது. வெளிச்சம் பட்டால் இன்னும் வேகம். ஒலியிக் அமிலம் போன்ற நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் அதைவிட மெதுவாகச் சிதைகின்றன. பால்மிடிக் போன்ற நிறைவுற்ற அமிலங்கள் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும். உப்பும் அமினோ அமிலமும் எங்கும் ஓடிவிடுவதில்லை. காகிதத்தில் பட்ட அமினோ அமிலம் அதன் நாரோடு ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் இருக்கும்.

எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும் அல்லவா? அதே மாற்றம்தான், கண்ணுக்குத் தெரியாத அளவில், பீரோவின் மேலும் நடக்கிறது.

பொடியிலிருந்து நின்ஹைட்ரின் வரை

தடத்தை வெளிக்கொண்டு வரும் முறைகளின் வரலாறும் ஒருவகையில் காலத்தின் வரலாறுதான். பழைய முறை, பொடி தூவுவது. தடத்தில் ஈரமும் பிசுக்கும் இருக்கும்வரை பொடி நன்றாக ஒட்டும், காய்ந்தால் ஒட்டாது. அயோடின் ஆவி காட்டும் முறை எண்ணெயைப் பற்றிக்கொள்ளும். அதுவும் புதிய தடத்துக்குத்தான் சரிவரும். வெள்ளி நைட்ரேட் உப்பிலுள்ள குளோரைடோடு வினைபுரியும். காற்றில் ஈரம் அதிகமானால் குளோரைடு காகிதத்தில் கசிந்து பரவி, கோடுகள் மங்கிப்போகும்.

இதைப் பார்த்த நிபுணர்களுக்கு ஓர் எண்ணம் வந்தது இயல்பு. பொடி நன்றாக ஒட்டினால் புதிய தடம், ஒட்டாவிட்டால் பழைய தடம் என்று சொல்லலாமே! ஆனால் கண்ணாடியில் பட்ட தடமும் மரத்தில் பட்ட தடமும் ஒரே மாதிரி காய்வதில்லை. ஏசி அறையும் தகரக் கொட்டகையும் ஒன்றல்ல. குளிர்ந்த, மூடிய இடத்தில் பல மாதம் கழித்தும் 'புதிய' தடம் போலப் பொடி ஒட்டக்கூடும். அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்லும் வயது, கண்திட்டத்தைத் தவிர வேறில்லை.

1954இல் வந்த முறை இந்தக் கண்திட்டத்தையும் உடைத்தது. நின்ஹைட்ரின் என்ற சேர்மத்தை ரூஹெமன் என்ற வேதியியலாளர் 1910லேயே கண்டுபிடித்திருந்தார். அமினோ அமிலத்தோடு சேர்ந்தால் அது ஊதா நிறம் தரும். ஸ்வீடனின் ஓடெனும் ஃபான் ஹாஃப்ஸ்டெனும் இதைக் காகிதத்திலுள்ள விரல் தடத்தின் மேல் பயன்படுத்திக் காட்டினார்கள். பல பத்தாண்டு பழைய காகிதத்திலிருந்தும் தடங்கள் ஊதாவாக எழுந்து வந்தன. நேற்று பட்ட தடமும் தாத்தா காலத்துத் தடமும் அதே ஊதாதான். கருவி கூர்மையாக ஆக, தடம் கிடைப்பது எளிதானது. கிடைத்த தடம் பழையதாக இருப்பதற்கான வாய்ப்பும் அதனோடு சேர்ந்தே கூடியது. கைரேகை கிடைத்த வழக்கு ஒவ்வொன்றிலும் இதை நினைவில் வையுங்கள்.

கடிகாரத்தைத் தேடியவர்கள்

தடத்திலுள்ள வேதிப்பொருட்களையே கடிகாரமாக்க முடியுமா என்ற ஆராய்ச்சி 1990களுக்குப் பிறகு வேகமெடுத்தது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கடத்தப்பட்ட ஒரு சிறுமி இருந்ததாகச் சொல்லப்பட்ட காரில் அவளுடைய விரல் தடம் கிடைக்கவில்லை. ஏன் என்று ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் ஆராய்ந்தார்கள். பருவமடையாத குழந்தைகளின் தடத்தில் சீக்கிரம் ஆவியாகும் சேர்மங்கள் அதிகம், பெரியவர்களின் தடத்தில் ஆவியாகாத கனமான எஸ்டர்கள் அதிகம் என்று தெரிந்தது. ஒரே நாளில், ஒரே இடத்தில் பட்ட இரண்டு தடங்களுக்கு ஆயுள் வேறு. கடிகாரம் ஆளுக்கு ஆள் வேறு வேகத்தில் ஓடுகிறது என்பதற்கு இதுவே போதுமான எச்சரிக்கை.

2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தடத்தின் கொழுப்புகளை வெளிச்சத்திலும் இருட்டிலும் வைத்துச் சில வாரங்கள் அளந்து பார்த்தது. ஸ்குவாலீன் இரண்டிலும் குறைந்தது, வெளிச்சத்தில் வேகமாக. சில கொழுப்பு அமிலங்களோ முதலில் கூடி, பிறகு குறைந்தன. கூடிக் குறையும் ஒன்றைக் கடிகாரமாக வைத்தால் ஒரே அளவு இரண்டு வெவ்வேறு நாட்களைக் காட்டும்.

2014இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் தடத்தின் ஒளிர்வை அளந்தார்கள். ஆக்சிஜனேற்றத்தால் புதிதாக உருவாகும் பொருட்களின் ஒளிர்வையும் புரதத்தின் ஒளிர்வையும் ஒப்பிட்டு, மூன்று வாரம் வரையிலான வயதைச் சில நாள் துல்லியத்தில் கணித்தார்கள். நல்ல முன்னேற்றம். ஆனால் ஆண்களின் தடங்களில் பாதிக்குச் சற்று அதிகமானவற்றில்தான் இது முடிந்தது. 2015இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். பால்மிடிக் அமிலம் கோடுகளிலிருந்து இடைவெளிக்குள் எவ்வளவு பரவியிருக்கிறது என்று அளந்தார்கள். அந்த அளவீடு முதல் நான்கு நாட்களுக்கு உட்பட்டது. 2020இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில், காற்றிலுள்ள ஓசோன் ட்ரைகிளிசரைடுகளை எப்படிச் சிதைக்கிறது என்று ஏழு நாள் பார்த்தார்கள். ஆய்வுக்கு விரல் கொடுத்தவர்கள் மூன்றே பேர். அதிலும் ஒருவருடைய தடம் மற்றவர்களுடையதைவிட மெதுவாகச் சிதைந்தது. அவர் தினமும் லோஷன் பூசுவதால் இருக்கலாம் என்றார்கள்.

இந்த ஆய்வாளர்கள் நேர்மையானவர்கள். எல்லையையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். கடிகாரத்தின் முள் நகர்கிறது, ஆனால் எந்த வேகத்தில் என்பது விரலையும் வெயிலையும் காற்றையும் பட்ட பொருளையும் பொறுத்தது. பதிந்தபோது தடத்தில் எது எவ்வளவு இருந்தது என்று தெரியாமல், இப்போது இருப்பதை வைத்து வயது சொல்ல முடியாது. எவ்வளவு உயரமாக ஏற்றியது என்று தெரியாத மெழுகுவர்த்தியைப் பார்த்து எத்தனை மணி நேரமாக எரிகிறது என்று கேட்பது மாதிரிதான் இது.

யாருடைய விரல்?

இங்கே நாங்கள் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறோம். இந்த ஆய்வுகளுக்கு விரல் கொடுத்தவர்கள் யார்? பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வகங்களுக்கு வந்த தன்னார்வலர்கள். பல ஆய்வுகளில் அவர்களைக் கை கழுவச் சொல்லி, நெற்றியிலோ முடியிலோ விரலைத் தேய்க்கச் சொல்லி, பிறகு கண்ணாடியில் பதியச் சொல்கிறார்கள். சீரான தடம் கிடைப்பதற்காக. அறை வெப்பநிலையும் சீராக இருக்கும்.

நம் ஊர் விரலை நினைத்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் தேய்த்துத் தலை வாரிவிட்டு வேலைக்குப் போகிறவரின் விரலில் இருக்கும் எண்ணெய் பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு. அது எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையாது. தடத்தின் 'வயதை' அது எந்தப் பக்கம் இழுக்கும்? சுண்ணாம்பிலும் சிமென்டிலும் நாள் முழுக்கப் புழங்கும் கை வறண்டு, கோடுகள் தேய்ந்து கிடக்கும். சாயப்பட்டறையில் வேலை செய்கிறவர், பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் புழங்கும் தூய்மைப் பணியாளர், செங்கல் சூளையில் மண் மிதிக்கிறவர் ஆகியோரின் விரல்களில் வேலையின் வேதியியலே வேறு. சித்திரை வெயிலில் தகரக் கதவில் பட்ட தடத்தின் கணக்கும் வேறு.

ரேஷன் கடை இயந்திரத்தில் பெருவிரல் பதியாமல் திரும்பி வரும் பாட்டிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெற வேண்டியதைப் பெறப் போகும்போது 'உன் ரேகை சரியில்லை' என்கிற அதே உலகம், பிடிக்க வேண்டிய இடத்தில் 'உன் ரேகை பொய் சொல்லாது' என்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அடுத்தவர் வீட்டுக்குள் தடம் பதிப்பவர்கள் யார்? துணி துவைக்க, பாத்திரம் தேய்க்க, சாக்கடை அடைப்பு எடுக்க, பெயின்ட் அடிக்க, தேங்காய் பறிக்கப் போகிறவர்கள். 'ஜெய் பீம்' படத்தில் ராஜாக்கண்ணு பாம்பு பிடிக்கக் கூப்பிட்டுத்தான் அந்த வீட்டுக்குள் போகிறார், பிறகு அந்த வீட்டில் நகை காணாமல் போகிறது. வீட்டுக்காரரின் தடம் வீட்டில் இருந்தால் யாரும் கேட்பதில்லை. வேலைக்காரரின் தடம் இருந்தால் அதுவே வழக்கு. அதனால்தான் 'எப்போது' என்ற கேள்வி நமக்கு உயிரான கேள்வி.

நீதிமன்றங்கள் சொன்னது

1967இல் அமெரிக்கத் தலைநகரின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு போரம் என்பவரின் வழக்கு வந்தது. திருட்டு நடந்த வீட்டில், நாணயச் சேகரிப்பு வைத்திருந்த காலி ஜாடிகளில் அவருடைய தடம் கிடைத்தது. தடம் எவ்வளவு காலம் இருக்கும் என்று கேட்டபோது, காலவரையறை இல்லாமல் இருக்கலாம் என்று அரசுத் தரப்பு நிபுணரே ஒப்புக்கொண்டார். அப்படியானால் திருட்டின்போதுதான் அவர் ஜாடியைத் தொட்டார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டு, தண்டனையை ரத்து செய்தது நீதிமன்றம். 1991இல் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த மைக்ஸ் வழக்கிலும் இதே கதை. கொலைக்குப் பயன்பட்ட இரும்புக் கம்பத்தில் தடம் இருந்தது. ஆனால் அந்தக் கம்பத்தைச் சில மாதம் முன்புதான் கடைக்காரர் வேறொரு கடையிலிருந்து வாங்கியிருந்தார். அங்கே அதை யார் வேண்டுமானாலும் தொட்டிருக்கலாம். தண்டனை நிற்கவில்லை.

நம் உச்ச நீதிமன்றம் 1997இல் முகமது அமான் வழக்கில் பித்தளைச் சொம்பில் கிடைத்ததாகச் சொன்ன கைரேகையை ஏற்க மறுத்தது. கைப்பற்றிய பொருளைச் சரியான காரணமில்லாமல் காவல் நிலையத்திலேயே நாட்கணக்கில் வைத்திருந்தது, மாதிரி ரேகையை மாஜிஸ்திரேட் முன்னிலையில் எடுக்காதது ஆகியவை சந்தேகத்தைக் கிளப்புகின்றன என்றது. தடம் வீட்டில் எப்போது பதிந்தது என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. எந்த நேரத்தில் எடுத்தார்கள், எங்கே வைத்தார்கள், எப்போது ஆய்வகத்துக்குப் போனது என்பவையும் காலம் பற்றிய கேள்விகள்தான்.

இன்றைக்கு ஏன் பேச வேண்டும்?

பெருங்காமநல்லூரில் சுட்ட அதே 1920இல்தான் கைதிகளை அடையாளம் காணும் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2022இல் வந்த குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணுதல்) சட்டம், கைதானவர்களின் அளவீடுகளை 75 ஆண்டு வரை சேமித்து வைக்க வழிசெய்கிறது. கிடங்கில் ரேகைகள் பெருகப் பெருக, 'யார்' என்ற கேள்விக்குக் கணினி சில நொடியில் பதில் தரும். 'எப்போது' என்ற கேள்வி 1898இல் நின்ற இடத்திலிருந்து கொஞ்சம்தான் நகர்ந்திருக்கிறது. ஏற்கெனவே பிடித்துப் போகப்பட்டவர்கள் யாரோ அவர்கள்தான் கிடங்கில் அதிகம் இருப்பார்கள். எங்கள் பெயின்டர் பையனின் ரேகை அங்கே போய்ச் சேர்ந்ததும் அப்படித்தான்.

கைரேகை வழக்கில் உதவப் போகும் தோழர்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் அந்த இடத்துக்கு, அந்தப் பொருளுக்கு அருகே முன்பு எப்போதாவது போனாரா என்று முதலில் கேளுங்கள். போயிருந்தால் அதை மறைக்கச் சொல்லாதீர்கள், அதுதான் காப்பாற்றும் உண்மை. அந்தப் பொருள் எங்கே வாங்கியது, கடைசியாக எப்போது துடைத்தது என்று வழக்கறிஞர் மூலம் கேளுங்கள். குறுக்கு விசாரணையில் நிபுணரிடம் தடத்தின் வயதைச் சொல்ல முடியுமா என்று கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள்.

எங்கள் பையன் ஐம்பத்தெட்டு நாள் சிறையில் இருந்தான். ஜாமீன் மனுவை வாதாடிய வழக்கறிஞர் அக்கா வேதியியல் எதுவும் பேசவில்லை. மேஸ்திரியிடமிருந்து எண்ணெய்ப் பிசுக்கேறிய நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி வந்திருந்தார். கூலிக் கணக்கு நோட்டு. அதில் அந்த வீட்டு முகவரியும், மூன்று நாள் வேலையும், இவன் பெயருக்கு நேரே ஒவ்வொரு நாள் கூலியும் தேதியோடு இருந்தன. பீரோவை நகர்த்திய நாளும் அதற்குள் இருந்தது.

விசாரணை இன்னும் முடியவில்லை. இதற்கிடையில் குடியிருப்பில் ஒரு புதிய பழக்கம் வந்திருக்கிறது. வேலைக்குப் போகிற பையன்களும் பெண்களும் எந்த வீடு, என்ன வேலை, எந்தத் தேதி, எதைத் தொட்டு நகர்த்தினோம் என்று மாலை வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிறார்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கிறார்கள். பையனின் அம்மாவும் வீட்டு வேலைக்குப் போகிறவர்தான். அவருடைய பக்கத்தை எழுதுவது ஏழாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகள்.